புகை திரும்பிப் போன ஊர்

நண்டுமேட்டுக் கித்தேரி தன் அடுத்த பிள்ளையை நல்ல காற்றில்தான் உண்டாகிப் பெறுவேன் என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டு, புருஷன் தஸ்நேவிஸையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, மதுரையில் இறங்கி மறுபடி ஏறி, மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகிற உயரத்தில் இருந்த தன் அக்கா பிரகாசியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த மலையில் நெடுநாள் இருந்து, அந்தக் காற்றிலேயே உண்டாகி, அந்தக் காற்றிலேயே சுமந்து பெற்ற பெண்பிள்ளை முதல் அழுகைக்கு வாயைத் திறந்தபோது உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு பிடி புகை வந்தது.

நர்ஸ் அதைக் கையால் விசிறிவிட்டுத் தொப்புள்கொடியைக் கட்டினாள். பிள்ளை மறுபடி அழுதது, மறுபடி புகை வந்தது. எடை சரியாக இருக்கிறது, நிறமும் பரவாயில்லை என்று சொல்லிப் பிள்ளையைத் துடைத்துத் தாயின் மார்மேல் வைத்தார்கள். கித்தேரி படுத்தபடியே மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஈரக்கரி, கந்தகம், அதன் அடியில் கொஞ்சம் கருவாடு. அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது ஊர் வாடை.

நண்டுமேடு கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே மணல் திரண்ட ஒரு துண்டு நிலம். அதன் வடக்கே அனல்மின் நிலையத்தின் மூன்று புகைக் குழாய்கள் நின்றன, ஊர்க்காரர்கள் அவற்றைப் பெரியவன், நடுவுளவன், சின்னவன் என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பெரியவன் கித்தேரி பிறப்பதற்கு முன்பே நெருப்பு வைக்கப்பட்டவன். அவை விட்ட சாம்பல் காயப்போட்ட நெத்திலியில் விழுந்தது, சோற்றில் விழுந்தது, தூங்குகிற பிள்ளைகளின் இமையில் விழுந்தது. தஸ்நேவிஸ் அங்கேதான் ஒப்பந்தக் கூலியாகக் கரி அள்ளினான். அவர்களுடைய முதல் பிள்ளை சூசைக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே மூச்சிழுப்பு வந்தது. நடக்கப் பழகிய பிறகும் அவன் வாசல்வரை போய் நின்று இளைத்துவிட்டுத்தான் திரும்புவான். ஒரு மழைக்காலத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். மலையேறியது அதனால்தான்.

மலைக்கு வந்த புதிதில் தஸ்நேவிஸுக்கு அந்தக் காற்று பிடிக்கவில்லை. உப்புப் போடாத கஞ்சி மாதிரி இருக்கிறது என்றான். பிறகு கேரட் தோட்டத்தில் வேலைக்குப் போனான், இருமல் குறைந்தது, ராத்திரி முழுக்கத் தூங்கினான், கன்னத்தில் சதை பிடித்தது. இனி ஊருக்குத் திரும்புவதில்லை என்று அவன் மனசுக்குள் முடிவு செய்திருந்தான். பிள்ளை புகையோடு பிறந்த அன்று அவன் ஆஸ்பத்திரிக் குழாயடியில் உட்கார்ந்து, கரி போய் எத்தனையோ நாளான கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தான்.

டாக்டர் மெஹருன்னிசா அவனைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தார். அவர் மலையடிவாரத்து ஊர்க்காரர், சளைக்காமல் பேசுகிறவர்.

"கரி அள்ளுனவன் நான் டாக்டரம்மா," என்றான் தஸ்நேவிஸ். "எங்கிட்ட இருந்துதான் வந்திருக்குமா?"

"உங்ககிட்ட இருந்தும் வரலாம், அவங்ககிட்ட இருந்தும் வரலாம். இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது," என்றார் அவர். கித்தேரியின் பக்கம் திரும்பினார். "நீங்க உங்க அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போதே, பிற்பாடு இந்தப் பிள்ளையா ஆகப்போற கரு முட்டை உங்க உடம்புல உருவாகியாச்சு. அப்ப உங்கம்மா என்ன காத்தைச் சுவாசிச்சாங்களோ, அது அதுவரைக்கும் போய்த் தொட்டிருக்கலாம்."

"அப்பம் எங்க ரத்தமே கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள் கித்தேரி.

டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பி அதன் முதுகில் 'க' என்று பெரிதாக எழுதினார். "உடம்புக்குள்ள எழுதியிருக்கிற எழுத்து கெடல. நீங்க பிறக்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஆனா புகை வந்து அந்த எழுத்து மேல புள்ளி வச்சுட்டுப் போகுது." 'க'வின் தலையில் ஒரு புள்ளி வைத்தார். "இப்ப வாசிங்க."

"க்," என்றாள் கித்தேரி. ஒலி தொண்டையோடு நின்றுவிட்டது.

"அவ்வளவுதான். திறந்து ஒலிக்க வேண்டிய எழுத்து அடைச்சுக்கும். நுரையீரலைப் பாத்துக்கிற எழுத்துல அந்த மாதிரி புள்ளி விழுந்தா, மூச்சு முழுசா விரியாது."

"புள்ளியை அழிக்க முடியாதா?"

"நல்ல காத்துல இருந்தா சிலது தானா உதிரும்னு சொல்றாங்க. சிலது உதிராது. எது எதுன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல, எனக்கும் தெரியல," என்றார் டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதாலேயே கித்தேரி அவரை முழுக்க நம்பினாள்.

பிள்ளைக்குப் பனிமயம் என்று பேர் வைத்தாள். புகை கக்குகிற பிள்ளைக்கு அந்தப் பேரா என்று பிரகாசி தயங்கியபோது, "அது கக்குறது அது குடிச்ச புகை இல்லையே, நான் எதுக்குப் பேரை மாத்தணும்?" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து தஸ்நேவிஸின் அக்கா லூர்தம்மா போன் செய்தாள். கம்பெனி நான்காவதாக ஒரு குழாய் கட்டப் போகிறது. நண்டுமேட்டுச் சனம் எல்லாருக்கும் உள்நாட்டில் தீப்பெட்டி மாதிரி வீடு கட்டித் தருகிறார்கள். அங்கே போய்விட்டால் நோய்நொடி எல்லாம் தீர்ந்துபோகும் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். பாதி ஊர் சரி என்றுவிட்டது.

"நல்லதுதானே," என்றான் தஸ்நேவிஸ். "நமக்கும் ஒரு வீடு கிடைக்கும். நாம இங்கயே இருந்துக்கிடலாம்."

கித்தேரி மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். அது தூங்கிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கிலிருந்து நூல் மாதிரி புகை எழுந்து கொசுவலைக்குள் சுருண்டு நின்றது.

"நாம இவ்வளவு தூரம் வந்தோமே, அது நம்மகூட வரலையா?" என்றாள். "உள்நாட்டுக்குப் போனா மட்டும் விட்டுருமா? போக வேண்டியது நாம இல்ல. நான் ஊருக்குப் போறேன்."

"பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அந்தச் சாம்பலுக்குள்ளயா? நாம சூசையைப் பறிகொடுத்தது பத்தாதா உனக்கு?"

அவன் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்குத் தெரியும். அன்று முழுக்க அவள் அழுதாள். ஆனால் அவள் பெட்டியை எடுத்ததும், முணுமுணுத்துக்கொண்டே அதை வாங்கித் தலையில் வைத்தவன் அவன்தான்.

நண்டுமேட்டில் பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் யாரும் புகையைப் பார்த்து வாயைப் பிளக்கவில்லை. வசம்பு கொண்டுவந்தார்கள், கருப்பட்டி கொண்டுவந்தார்கள், பிள்ளை யாருடைய சாடை என்று விவாதித்தது போலவே புகை யாருடைய சாடை என்றும் விவாதித்தார்கள். எங்கள் தம்பி அள்ளிய கரிதான் இது என்று லூர்தம்மா உரிமையோடு சொல்ல, கித்தேரியின் சித்தி விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் லூர்தம்மா பிள்ளையின் வாயருகே குனிந்து, நன்றாக உள்ளே இழுத்துப் பார்த்து, முகம் மாறி நிமிர்ந்தாள்.

"ஏட்டி கித்தேரி, இது இப்பத்திய கரியில்ல. பெரியவனுக்கு முத முதல்ல நெருப்பு வச்ச வருசத்துக் கரி. அப்பம் வந்த கரியில ஒரு மத்தாப்பு வாடை அடிக்கும். உங்கம்மா உன்னைச் சுமந்துக்கிட்டு இருந்த நேரம். ராவும் பகலும் ஜன்னலைப் பூட்டிக்கிட்டுக் கெடந்தா பாவி மக."

"அப்பம் டாக்டரம்மா சொன்னது சரிதான் மயினி," என்றாள் கித்தேரி.

எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது. மலையில் அறைக்குள்ளேயே சுருண்டு நின்ற புகை இங்கே அப்படி நிற்கவில்லை. அந்திக்குத் தொழுவம் திரும்பும் மாடு வழி கேட்காமல் போவது போல ஜன்னல் வழியாக வெளியேறி, தெருவைத் தாண்டி, வலை காயும் மணலைத் தாண்டி, காற்று எதிர்த்து அடித்தாலும் சளைக்காமல், நேராகப் போய்ப் பெரியவனின் வாய்க்குள் இறங்கிவிட்டது. பெண்கள் எழுந்து வாசலுக்கு வந்து அது இறங்குகிறவரை பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக ஊரில் எல்லாருக்கும் மூச்சோடு புகை வந்தது. மிக்கேலின் பேரனுக்கு வந்தது, வலை பின்னும் சந்தியாகுவுக்கு வந்தது, ஊரைவிட்டுத் திருமணமாகிப் போய்ப் பொங்கலுக்கு வந்த பெண்களுக்குத் தாய்வீட்டு வாசலை மிதித்ததும் வந்தது. உடம்பு ஒவ்வொன்றும் தனக்குள் இருந்ததைத் தவணை தவணையாக வெளியே அனுப்ப, அது அது எந்தக் குழாயிலிருந்து வந்ததோ அந்தக் குழாய்க்குத் திரும்பிப் போனது. சனம் அதற்கேற்றபடி வாழப் பழகிக்கொண்டது. துணி காயப்போடும் கொடிகளைத் தெற்குப் பக்கம் மாற்றினார்கள். டவுன் பஸ் கண்டக்டர் நண்டுமேட்டு ஆட்களை ஜன்னலோரம் உட்காரச் சொல்லி, தலையை வெளியே நீட்டி மூச்சுவிடும்படி தயவாகக் கேட்டுக்கொண்டார். கோவிலில் சாமியார் தூபம் போடுவதை நிறுத்திவிட்டு, செபத்தை மட்டும் சற்று நீட்டிச் சொன்னார். சீட்டாடுகிறவர்கள் நல்ல சீட்டு விழுந்ததும் பெருமூச்சை அடக்கப் பழகினார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், பெண்ணுக்குப் புகை எவ்வளவு என்று நாசூக்காக விசாரித்தார்கள். "உங்க ஊர் லைட்டெல்லாம் எரியுதே, அதோட புகை மட்டுந்தான் எங்க பிள்ளைகிட்ட இருக்கு," என்று பெண்ணின் தாய்மார் பதில் சொன்னார்கள். சங்கு குளிக்கிற ஆண்கள் கடலடியில் விடும் குமிழிகள் கறுப்பாக மேலே வந்து உடைந்து, அங்கிருந்தும் குழாய்க்குப் போயின.

உள்நாட்டு வீட்டுக்குச் சரி சொன்னவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். கித்தேரி வீடு வீடாகப் போய்ப் பேசியதும் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போவாள், ரேஷன் கடைக்குப் போவாள். யாராவது கேட்டால் மட்டும், "இது மலையில பிறந்தது. மலையிலயே உண்டானது," என்பாள். கேட்டவர்கள் யோசித்துக்கொண்டு போவார்கள்.

மின் நிலையத்தில் எஞ்சினியர்கள் குழாய்களை அடிக்கடி நிறுத்திச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். வெளியே போன புகை உள்ளே வருவதற்கு அவர்களுடைய புத்தகங்களில் வழி இல்லை. கம்பெனிக்காரர்கள் அவசரப்பட்டார்கள். நான்காவது குழாய்க்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் தங்கள் குடியிருப்புக்குள் இருந்த குளிர்சாதன மண்டபத்தில் ஏற்பாடு செய்தார்கள். கலெக்டர் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர்கள் மேடையில் இருந்தார்கள். நண்டுமேட்டுச் சனம் முழுவதும் நல்ல சேலையும் நல்ல சட்டையும் போட்டுக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்தது. குளிர் வெளியே போகாமல் இருக்கக் கதவுகளைச் சாத்தினார்கள்.

கம்பெனி டாக்டர் திரையில் படம் போட்டுப் பேசினார். குழாயிலிருந்து வருவது அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது. இந்த ஊரில் நுரையீரல் கோளாறு இருப்பது உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் விறகடுப்பும் பீடியும். புதிய இடத்துக்குப் போய் நல்ல பழக்கவழக்கங்களோடு வாழ்ந்தால் ஒரு குறையும் இருக்காது.

கித்தேரி எழுந்தாள். நடுவழியில் வந்து, பிள்ளையை மேடைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பனிமயம் விளக்குகளைப் பார்த்துச் சிரித்தது, சிரிப்போடு கொஞ்சம் புகை வந்தது.

"சார், இது பீடி குடிக்குதா?"

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். கம்பெனி டாக்டர், தனிப்பட்ட நேர்வுகளைப் பற்றி இங்கே விவாதிக்க முடியாது என்றார்.

"சரி, விவாதிக்க வேண்டாம்," என்றாள் கித்தேரி. "இந்த ஊரைவிட்டுப் போனா சரியாயிரும்னு சொல்லுதீங்க. நான் போனேன். இவ இந்த ஊர்க் காத்துல ஒரு வாய் குடிக்காம உண்டாகிப் பிறந்தவ. உங்க புகை எங்களுக்கு முன்னாலயே அங்க போய் உக்காந்திருந்துச்சு. வீடு கட்டித் தாரோம், எடத்தைக் காலி பண்ணுங்கன்னா, நாங்க எதைக் காலி பண்ண? எங்க நெஞ்சையா?"

கலெக்டர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "அப்போ ஊர் சார்பா உங்க கருத்து என்னம்மா? பதிவு பண்ணிக்கிறோம்."

"அதைச் சொல்லத்தான் எல்லாரும் வந்திருக்கோம்," என்றாள் அவள். தன் இடத்துக்குத் திரும்பாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நண்டுமேடு மூச்சுவிட்டது. அவ்வளவுதான் செய்தது. குழந்தைகளும் பெண்களும் கட்டைக் குரல் மீனவர்களும் உள்ளே இழுத்து வெளியே விட, உள்ளே இழுத்து வெளியே விட, மூடிய மண்டபத்தில் தலைக்கு மேலே கறுப்பு திரண்டது, விளக்குகள் சிவந்தன, திரையில் இருந்த படம் மறைந்தது, வெள்ளைச் சட்டைகள் சாம்பலாயின. மேடையில் இருந்தவர்கள் இருமினார்கள். பழக்கமில்லாத இருமல், எங்கே கை வைத்து எப்படிக் குனிவது என்றுகூடத் தெரியாமல் இருமினார்கள். லூர்தம்மா இரக்கப்பட்டுத் தன் தண்ணீர்ப் பாட்டிலை மேடைக்கு நீட்டினாள். கலெக்டர்தான் அதை வாங்கிக் குடித்தார்.

"கதவைத் திறக்கச் சொல்லுங்க," என்றார் கம்பெனி மேனேஜர், கண்ணில் நீர் வழிய.

கதவோரம் நின்றவன் தஸ்நேவிஸ். அவன் கித்தேரியைப் பார்த்தான். மலையிலிருந்து இறங்கிய நாள் முதல் அவள்மேல் அவனுக்கு ஒரு கோபம் இருந்தது, தன்மேல் அதைவிடப் பெரிய கோபம் இருந்தது. இரண்டும் அந்தப் புகைக்குள் எங்கோ போயிருந்தன. அவள் தலையை அசைத்தாள். அவன் இரட்டைக் கதவையும் அகலத் திறந்தான்.

உள்ளே திரண்டிருந்தது முழுவதும் ஒரே உடம்பாக எழுந்து, வாசலில் குனிந்து வெளியேறி, குடியிருப்பின் பூந்தோட்டங்களுக்கு மேலே போய், மூன்றாகப் பிரிந்து, மூன்று குழாய்களுக்குள்ளும் இறங்கியது. பெரியவன் முதலில் நின்றான், அப்புறம் நடுவுளவன், அப்புறம் சின்னவன். பிறந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்ததால் இருக்கிறது என்றே தெரியாமல் போன ஓர் இரைச்சல் நின்றது. அது நின்ற பிறகுதான் நண்டுமேட்டுச் சனத்துக்குக் கடல் இவ்வளவு பக்கத்தில் இருப்பது காதில் விழுந்தது.

மறுநாள் மேனேஜர் வீடு தேடி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். இந்தப் புகை இன்னும் எத்தனை நாள் வரும் என்று மரியாதையாகக் கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? நீங்க அனுப்பினதுதானே, உங்ககிட்ட கணக்கு இருக்குமே," என்றாள் கித்தேரி.

உங்கள் குடும்பத்துக்கு மட்டும் மலையில் ஒரு வீடு, உங்கள் பெயரிலேயே, பிள்ளையின் உடம்புக்கு நல்லது என்றார் அவர். தஸ்நேவிஸ் அந்த மலைக்காற்றை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தான். கேரட் தோட்டம், ராத்திரித் தூக்கம், எல்லாவற்றையும். பிறகு மனைவி வாய் திறப்பதற்கு முன்னால் அவனே பேசினான்.

"வேண்டாம் சார். எங்க பிள்ளைக்கு நல்ல காத்து வேணும்தான். அது இங்க வேணும்."

நான்காவது குழாய்க்கான மனுவைக் கம்பெனி திரும்பப் பெற்றுக்கொண்டது. உள்நாட்டு வீடுகளைப் பற்றி மைக் கட்டிய ஜீப் அப்புறம் வரவில்லை. நடுவுளவனுக்கும் சின்னவனுக்கும் வடிகட்டி மாட்டப்போவதாகச் சொல்லிச் சாரம் கட்டினார்கள், சொன்னதில் பாதி செய்தார்கள். பெரியவனை மூடச்சொல்லி உத்தரவு வந்தது. அது வந்த கையோடு, மூடக் கூடாது என்று இன்னொரு இடத்திலிருந்து தடை உத்தரவும் வந்தது. மூன்றும் நெருப்பில்லாமலே மாதங்கள் போயின, வருஷங்கள் போயின. சாம்பல் விழாத மணலில் பனிமயம் நடை பழகினாள், ஓடப் பழகினாள். மெஹருன்னிசா டாக்டர் ஒருமுறை ஊருக்கே வந்து அவள் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, சில புள்ளிகள் உதிர்ந்திருக்கலாம், சில அப்படியேதான் இருக்கின்றன என்றார். ஓடினால் இன்னும் இளைத்தது. இளைக்கிறபோது புகை வந்தது, முன்பைவிட வெளிறி.

பெரியவனுக்கு மறுபடி நெருப்பு வைக்கப்போகிற செய்தி ஒரு திங்கள்கிழமை காலையில் வந்தது. வேலைக்குப் போக நின்றவர்கள் போகவில்லை, கடலுக்குள் போயிருந்த வள்ளங்கள் திரும்பின. யாரும் கூப்பிடாமலே ஊர் முழுக்க வடக்குப் பார்த்துக் கடற்கரையில் வந்து நின்றது. தஸ்நேவிஸ் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். லூர்தம்மா மூட்டுவலியோடு ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து மணலில் போட்டு உட்கார்ந்தாள்.

குழாயின் உச்சியில் மெல்லிசாக ஒரு புகை எட்டிப் பார்த்தது.

"அம்மா, இப்பவா?" என்றாள் பனிமயம்.

"கொஞ்சம் பொறு. நல்லா இழுத்துக்கோ," என்றாள் கித்தேரி. அவளும் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்கள் இழுத்துக்கொள்வது, அதற்கும் அப்பால் நின்றவர்கள் இழுத்துக்கொள்வது, கரை நெடுக நூற்றுக்கணக்கான விலாக்கள் விரிகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அடைத்திருந்தவை, அரைகுறையாகத் திறந்தவை, சூசை மாதிரிப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவை எல்லாம் தங்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு விரிந்தன.

"இப்ப ஊது," என்றாள்.